பேரு போடாத தேர்தல் போஸ்டர், நோட்டீஸ் மேல புகார் குடுக்கறது எப்படி

தேர்தல் நேரத்துல காலைல தெருவுக்கு வந்தா, ராத்திரி வரைக்கும் காலியா இருந்த காம்பவுண்டு சுவத்துல பசை காயாம ஒரு போஸ்டர் இருக்கும். ஒரு வேட்பாளரைப் பத்தி நாலு கேள்வி, கீழ "இப்படிக்கு, நடுநிலை வாக்காளர்கள்". யாரு அடிச்சா, யாரு காசு குடுத்தா, ஒண்ணும் தெரியாது. இந்த மாதிரி மொட்டை போஸ்டர் மேல புகார் குடுக்க முடியுமா, குடுத்தா எதாவது நடக்குமான்னு நிறைய பேரு கேக்கறாங்க.

குடுக்கலாம், நடக்கும், ஆனா நீங்க நெனைக்கிற இடத்துல நடக்காது. கிரிமினல் கேஸா பாத்தா இது சின்ன கேஸு, அதிகபட்சம் 6 மாசம் ஜெயிலு இல்லைன்னா 2000 ரூபா அபராதம் இல்லைன்னா ரெண்டும். நிஜமாவே வலிக்கிற இடம் வேட்பாளரோட செலவுக் கணக்கு. அதனால புகார் எழுதும்போதே ரெண்டுக்கும் சேத்து எழுதணும், வெறுமனே "பேரு போடல, நடவடிக்கை எடுங்க"ன்னு எழுதினா வந்து போஸ்டரைக் கிழிச்சுட்டு ஃபைலை மூடிடுவாங்க.

முதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடலாம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127-ஏ. தேர்தல் போஸ்டரோ துண்டுப் பிரசுரமோ எதுவா இருந்தாலும் அதோட முகப்புலயே அச்சடிச்சவர் பேரும் அட்ரஸும், வெளியிட்டவர் பேரும் அட்ரஸும் இருக்கணும். ரெண்டு பேரு, ரெண்டு அட்ரஸ். இது இல்லாம அடிச்சவரும் தப்பு, அடிக்கச் சொன்னவரும் தப்பு.

அதோட முடியல, இன்னொரு பாதி இருக்கு, அதைத்தான் யாரும் கண்டுக்கறதில்ல. போஸ்டர் அடிக்க வர்றவர், நான்தான் வெளியிடறேன்னு கையெழுத்துப் போட்டு, அவரை நேர்ல தெரிஞ்ச ரெண்டு பேர்கிட்ட சாட்சிக் கையெழுத்து வாங்கி, ரெண்டு காப்பி உறுதிமொழி பிரஸ்காரர்கிட்ட குடுக்கணும். அடிச்சு முடிச்சதும் பிரஸ்காரர் அதுல ஒரு காப்பியையும் போஸ்டர்ல ஒண்ணையும் சேத்து கலெக்டருக்கு அனுப்பணும், சென்னைல அடிச்சா தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு. சட்டத்துல "நியாயமான காலத்துக்குள்ள"ன்னுதான் இருக்கு, தேர்தல் கமிஷன் அதை 3 நாள்னு ஆக்கிடுச்சு, கூடவே எத்தனை காப்பி அடிச்சோம், எவ்வளவு வாங்கினோம்னும் பிரஸ்காரர் எழுதிக் குடுக்கணும். உறுதிமொழிக்கு இணைப்பு ஏ, காப்பி எண்ணிக்கைக்கும் தொகைக்கும் இணைப்பு பி. புகார்ல இந்த ரெண்டு இணைப்பையும் பேரு சொல்லி எழுதினா, எதிர்ல இருக்கறவருக்கு விஷயம் தெரிஞ்ச ஆளு எழுதியிருக்காருன்னு உடனே புரியும்.

இதுல ஒரு சிக்கல், கணக்கு அச்சடிச்ச இடத்துக்குத்தான், ஒட்டின இடத்துக்கு இல்ல. உங்க தொகுதி தஞ்சாவூர்லயோ வேலூர்லயோ இருக்கும், போஸ்டர் சிவகாசில அடிச்சிருப்பாங்க, அப்போ அந்த உறுதிமொழி போய்ச் சேரவேண்டியது விருதுநகர் கலெக்டர் ஆபீஸுக்கு. உங்க ஊரு கலெக்டர் ஆபீஸ்ல போய்க் கேட்டா "எங்களுக்கு எதுவும் வரலைங்க"ன்னு சொல்றது பொய்யா இருக்கணும்னு அவசியம் இல்ல.

இப்போ எது எதெல்லாம் குறைன்னு பாருங்க. எதுவுமே போடாம விட்டது ஈஸி, அதைப் பத்திப் பேசவே வேண்டாம். அதிகமா மாட்டறது அரைகுறையா போட்டது. மூலைல எறும்பு சைஸ்ல ஒரு பிரஸ் பேரு, பக்கத்துல செல் நம்பர், அவ்வளவுதான், அட்ரஸும் இல்ல, வெளியிட்டவரும் இல்ல. இது குறைதான். இன்னொண்ணு நம்ம ஊருக்கே உரியது, "இவண்"னு போட்டு கீழ பத்துப் பேரு போட்டோவும் வட்டம், நகரம், கிளைன்னு பதவியும் வரிசையா அடிச்சிருப்பாங்க. அதைக் காட்டி "இதோ பேரு இருக்கே"ன்னு சொல்லுவாங்க. பேரு இருக்கு, ஆனா வெளியிட்டவர் யாருன்னு அட்ரஸோட எங்க இருக்கு, அச்சடிச்சவர் எங்க? இவண்ல இருக்கற பத்துப் பேருல உறுதிமொழில கையெழுத்துப் போட்ட ஆளு யாருன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. புகார்ல இந்த வாதத்தை முன்கூட்டியே ஒரு வரி எழுதிடுங்க, அப்புறம் பதில்ல அவங்க அதையே சொல்லித் தப்பிக்க முடியாது. நோட்டீஸா இருந்தா ரெண்டு பக்கமும் பாத்துட்டு எழுதுங்க. பின்பக்கத்துல பேரு இருந்தா, "முகப்புல இல்ல"ன்னு மட்டும் எழுதணும், "எங்கயுமே இல்ல"ன்னு எழுதிட்டா உங்க மனு அங்கயே பலவீனமாயிடும்.

எது இதுல வராதுங்கறதும் தெரிஞ்சுக்கணும், இல்லைன்னா வீண் அலைச்சல். பொதுக்கூட்டம் இந்த தேதி, இந்த நேரம், இந்த மைதானம்னு மட்டும் போட்ட நோட்டீஸுக்கு விலக்கு உண்டு. தேர்தல் ஏஜெண்டுக்கும் தொண்டருக்கும் வழக்கமா குடுக்கற குறிப்புக்கும் உண்டு. ஆனா கூட்ட நோட்டீஸ்லயே "ஆதரிப்பீர்"னு சின்னத்தோட போட்டா அது வெறும் அறிவிப்பு இல்லைன்னு வாதாட இடம் இருக்கு. தேர்தலைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்லாத பிறந்தநாள் போஸ்டர், கல்யாண போஸ்டர் வராது. கையால எழுதின சுவர் விளம்பரத்தை இதுக்குள்ள இழுக்கறது கஷ்டம், ஏன்னா கையால பிரதி எடுக்கறதைத் தவிர மத்த எல்லா முறையையும்தான் சட்டம் "அச்சு"ன்னு சொல்லுது. சுவர் எழுத்துக்கு தமிழ்நாடு திறந்தவெளி இடங்கள் அழகு சீர்குலைப்புத் தடுப்புச் சட்டம் 1959 இருக்கு, அதுல போகணும். அதே வரையறையால ஜெராக்ஸ் போட்டுக் குடுத்த பிட் நோட்டீஸ் உள்ள வந்துடும், "நாங்க பிரஸ்ல அடிக்கவே இல்லையே"ங்கற சாக்கு செல்லாது. பிளெக்ஸ், ஹோர்டிங் விஷயத்துல முன்னாடி இழுபறி இருந்துச்சு, 2024 ஏப்ரல்ல தேர்தல் கமிஷன் ஹோர்டிங்லயும் அச்சடிச்சவர், வெளியிட்டவர் விவரம் தெளிவா இருக்கணும்னு சொல்லிடுச்சு.

அடுத்தது ஆதாரம், இதுல நேரம் செலவழிங்க, மத்ததெல்லாம் பேப்பர் வேலை. போஸ்டரோட ஆயுசு ஒரு ராத்திரிதான், மறுநாள் அது மேல இன்னொரு கட்சிக்காரர் ஒட்டிடுவாரு. பாத்த உடனே மூணு விதமா போட்டோ எடுங்க. ஒண்ணு முழு போஸ்டர், நாலு ஓரமும் தெரியற மாதிரி, ஏன்னா ஓரம் வெட்டுப்பட்டா "பேரு அந்த ஓரத்துலதான் இருந்துச்சு"ன்னு சொல்லிடுவாங்க. இன்னொண்ணு கீழ் விளிம்பை மட்டும் இடமிருந்து வலம் கிட்டக்க. மூணாவது தள்ளி நின்னு, தெருப்பேரு போர்டோ பக்கத்து கடையோ பஸ் ஸ்டாப்போ எதாவது ஒரு அடையாளம் சேந்து வர்ற மாதிரி. தேதி, நேரம், எந்தத் தெருல எத்தனை பாத்தோம்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கோங்க, எத்தனைங்கறது செலவு போடறதுக்கு வேணும். கூட ஒருத்தர் இருந்தா அவர்கிட்டயும் ஒரு கையெழுத்து வாங்கிடுங்க.

சுவத்துல இருக்கறதைக் கிழிச்சு எடுக்காதீங்க. ஒட்டினவங்க கண்ணுல பட்டா அங்கயே சண்டை, கிழிச்சது நீங்கன்னு உங்க மேலயே புகார் வரும். துண்டு நோட்டீஸா கைல குடுத்தா ஒரிஜினலை பத்திரமா ஒரு கவர்ல போட்டு வெச்சுக்கோங்க, புகாரோட நகல் குடுங்க, ஒரிஜினலை அதிகாரி கேட்டா மட்டும் ரசீது வாங்கிட்டுக் குடுங்க. போட்டோவை எடிட் பண்ணாதீங்க, வட்டம் போடறது அம்பு போடறது எல்லாம் நகல்ல. மொபைல்ல இருக்கற மூல ஃபைலை அழிக்காம வெச்சுக்கோங்க, விஷயம் கோர்ட்டுக்குப் போனா பாரதிய சாட்சிய அதினியம் பிரிவு 63-ல எலக்ட்ரானிக் ஆதாரத்துக்கு சான்றிதழ் குடுக்க வேண்டி வரும், பழைய சாட்சியச் சட்டத்தோட 65-பி தான் இப்போ இந்த நம்பர். இன்னொரு விஷயம், அவதூறான நோட்டீஸா இருந்தா "பாருங்க அநியாயத்தை"ன்னு அதை வாட்ஸ்அப் குரூப்ல போடாதீங்க. புகார் குடுத்தவரே அதைப் பரப்பினவர் ஆயிடுவாரு.

எங்க குடுக்கறது? வேகத்துக்கு, தேர்தல் விதிமீறலைப் புகார் பண்ண தேர்தல் கமிஷன் வெச்சிருக்கற சி-விஜில் ஆப். தேர்தல் நடக்கற பகுதில, தேர்தல் அறிவிச்ச பிறகுதான் இது வேலை செய்யும். ஆப்புக்குள்ளயே போட்டோ இல்லைன்னா 2 நிமிஷம் வரைக்கும் வீடியோ எடுக்கணும், கேலரில இருந்து ஏத்த முடியாது, எடுத்த 5 நிமிஷத்துல அனுப்பிடணும், லொகேஷன் தானா பதிவாகும். 100 நிமிஷத்துல முடிவு எடுக்கணும்னு கணக்கு, பறக்கும் படை நிஜமாவே வந்துடுவாங்க. பேரு சொல்லாமலும் அனுப்பலாம், ஆனா அப்படி அனுப்பினா என்ன ஆச்சுன்னு உங்களுக்கு தகவல் வராது. சொந்த நம்பர்ல அனுப்பறதுதான் நல்லது. பயமா இருக்குன்னா பரவால்ல, பேரில்லாமலே அனுப்புங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. போன்ல சொல்லணும்னா 1950.

சி-விஜிலோட நின்னுடாதீங்க. வர்றவங்க போஸ்டரை எடுத்துட்டு "அகற்றப்பட்டது"ன்னு போட்டு முடிச்சுடற வாய்ப்பு அதிகம், அவங்க பார்வைல பிரச்சினை தீந்துச்சு, அடிச்சது யாருங்கற கேள்வி அப்படியே நிக்குது. அதனால அன்னிக்கே எழுத்துல ஒரு மனு. தேர்தல் நடத்தும் அலுவலருக்கு, நகல் மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டருக்கும், வேட்பாளர் செலவைக் கண்காணிக்க கமிஷன் அனுப்பற செலவினப் பார்வையாளருக்கும். நேர்ல குடுத்தா உங்க காப்பில சீல், தேதி வாங்கணும், தபால்னா பதிவுத் தபால், ஈமெயில்ல அனுப்பினா அனுப்பின மெயிலை அப்படியே பிரிண்ட் எடுத்து வைங்க. மனு ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். கட்சி வரலாறு, உங்க ஆதங்கம் எதுவும் வேண்டாம். இப்படி எழுதினா போதும்:

"பொருள்: அச்சிட்டவர், வெளியிட்டவர் விவரம் இல்லாத தேர்தல் சுவரொட்டி குறித்த புகார். அய்யா, இன்ன தேதி காலை இத்தனை மணிக்கு, இன்ன தெருவில் இன்ன இடத்துக்கு அருகே உள்ள சுவரில் இணைப்பில் கண்ட சுவரொட்டி ஒட்டப்பட்டிருந்ததை நேரில் பார்த்தேன். அது இன்ன வேட்பாளருக்கு வாக்களிக்க வேண்டாம் எனக் கோருகிறது. அதன் முகப்பில் அச்சிட்டவர், வெளியிட்டவர் ஆகியோரின் பெயரும் முகவரியும் இல்லை. இது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127-ஏ(1)-க்கு முரணானது. பிரிவு 127-ஏ(2)-ன்படி உறுதிமொழி பெறப்பட்டுள்ளதா எனச் சரிபார்க்கவும், அச்சிட்டவரையும் வெளியிட்டவரையும் கண்டறிந்து நடவடிக்கை எடுக்கவும், இதன் செலவை உரிய வேட்பாளரின் கணக்கில் சேர்ப்பது குறித்து முடிவெடுக்கவும், எடுத்த நடவடிக்கையை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டுகிறேன்."

கவனிச்சீங்களா, இதுல எந்த வேட்பாளர் அடிச்சாருன்னு சொல்லவே இல்ல. பாத்தது மட்டும்தான் இருக்கு. "எதிர்க்கட்சி வேட்பாளர்தான் அடிச்சாரு"ன்னு ஆதாரம் இல்லாம எழுதினா முதல் பதில்லயே அவர் மறுப்பாரு, மனுவோட கவனம் அங்க போயிடும். அதுவும் பொய்னு தெரிஞ்சே ஒருத்தர் மேல அரசு ஊழியரை ஏவி விட்டா, ஐ.பி.சி-க்குப் பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதாவோட பிரிவு 217 உங்க பக்கம் திரும்பும்.

செலவுக் கணக்கை ஏன் இவ்வளவு வலியுறுத்தறேன்னா, தமிழ்நாட்டுல சட்டமன்றத் தேர்தல்ல ஒரு வேட்பாளர் 40 லட்சம் வரைக்கும்தான் செலவு பண்ணலாம், லோக்சபான்னா 95 லட்சம். பேரு போடாம அடிக்கறதுக்கு முக்கிய காரணமே இதுதான், பேரு இல்லைன்னா கணக்கும் இல்ல. இப்போ வேட்பாளரைக் கூப்பிட்டு இது உங்களோடதான்னு கேட்டா, ஆமான்னு சொன்னா செலவு அவர் கணக்குல ஏறும். எனக்குத் தெரியாது, யாரோ எனக்காக அடிச்சிருக்காங்கன்னு சொன்னா, வேட்பாளரோட எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாம அவருக்காக செலவு பண்ணின அந்த ஆளு மேல பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 176 பாயும், பழைய ஐ.பி.சி 171-எச், முன்னாடி 500 ரூபாவா இருந்த அபராதம் இப்போ 10,000 வரைக்கும். ஆக ரெண்டு பதில்ல எதைச் சொன்னாலும் யாராவது ஒருத்தர் மாட்டணும். ஜெயிச்ச தோத்த எல்லா வேட்பாளரும் ரிசல்ட் வந்து 30 நாளுக்குள்ள செலவுக் கணக்கு தாக்கல் பண்ணணும், ஒழுங்கா பண்ணலைன்னா, சரியான காரணமும் இல்லைன்னா, 3 வருஷம் தேர்தல்ல நிக்க முடியாதபடி கமிஷன் தகுதிநீக்கம் பண்ணலாம். உங்க மனு அந்தக் கணக்கைச் சரிபாக்கறவங்க மேஜைல இருக்கணும்.

போலீஸ் பக்கம் வருவோம், இங்கதான் நிறைய பேரு கோவப்பட்டு விட்டுடறாங்க. ஸ்டேஷன்ல போய் எஃப்.ஐ.ஆர் போடுங்கன்னா போட மாட்டாங்க, அதுல தப்பும் இல்ல. 127-ஏ கைது வாரண்ட் இல்லாம போலீஸ் நேரடியா எடுக்கற குற்றம் இல்ல. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பழைய சி.ஆர்.பி.சி-க்குப் பதிலா வந்த சட்டம்) பிரிவு 174-ன்படி விவரத்தைப் பதிவு பண்ணிட்டு, மாஜிஸ்திரேட் உத்தரவு வாங்கித்தான் விசாரிக்கணும். நீங்க, புகார் வாங்கினதுக்கு ஸ்டேஷன்ல குடுக்கற சி.எஸ்.ஆர் ரசீது மட்டும் கேளுங்க. அவசரப்பட்டு உத்தரவு இல்லாம எஃப்.ஐ.ஆர் போட வெச்சீங்கன்னா பின்னாடி ஹைகோர்ட்ல அந்த ஒரு பாயிண்ட்லயே அடிபட்டுப் போற அபாயம் இருக்கு, பறக்கும் படை புகார்லயும் இதே கதை. அதே போஸ்டர்ல சாதி மதம்னு பகையைத் தூண்டற மாதிரி எதாவது இருந்தா விஷயம் வேற, நேரடியா எடுக்கற குற்றம் ஒண்ணு சேந்துட்டா முழு கேஸையும் போலீஸ் எடுக்கலாம்.

யாருமே அசையலைன்னா மாஜிஸ்திரேட் கோர்ட்ல அதே சுரக்ஷா சன்ஹிதா பிரிவு 223-ல தனிநபர் புகார் போடலாம். ஆனா புது சட்டத்துல, எதிர்த்தரப்பு சொல்றதைக் கேக்காம கோர்ட் அதைக் கோப்புல எடுக்க முடியாது, அதனால எதிர்த்தரப்பு யாருன்னு பேரு கைல இல்லாம போறதுல அர்த்தம் இல்ல. பிரஸ் பேரு மட்டும் தெரிஞ்சா அதுவே போதும், வெளியிட்டவர் யாருன்னு பிரஸ்காரர் வாயாலயே வந்துடும், உறுதிமொழி வாங்காம அடிச்சா மாட்டறது அவருதானே. 127-ஏ கேஸுக்கு ஒரு வருஷக் கெடு இருக்கு, அதுக்கு மேல கோர்ட் சாதாரணமா எடுக்காது.

பேரு தெரிஞ்சுக்க இன்னொரு வழி ஆர்.டி.ஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல மனு. இன்ன தொகுதிக்காக இன்ன தேதில இருந்து இன்ன தேதி வரைக்கும் 127-ஏ(2)-ல வந்த உறுதிமொழி, இணைப்பு ஏ, இணைப்பு பி நகல்கள், என் புகார் மேல எடுத்த நடவடிக்கையோட கோப்பு நகல், இப்படிக் கேளுங்க. "ஏன் நடவடிக்கை எடுக்கல"ன்னு கேக்காதீங்க, கேள்விக்குப் பதில் சொல்ற வேலை ஆர்.டி.ஐ-க்கு இல்ல, பேப்பர் குடுக்கறதுதான் அதோட வேலை. 30 நாள்ல பதில் வரணும். உறுதிமொழி போறது அச்சடிச்ச மாவட்டத்தோட கலெக்டர் ஆபீஸுக்குன்னு மேலயே சொன்னேன், அதனால அந்த நகலை அங்க கேளுங்க, உங்க புகாரோட கோப்பை புகார் குடுத்த ஆபீஸ்ல கேளுங்க. பேரு போட்டிருக்கு ஆனா உறுதிமொழியே போகலைங்கற கேஸெல்லாம் இப்படித்தான் வெளிய வரும்.

எதிர்பார்ப்பு பத்தி ஒண்ணு. இந்தப் பிரிவுல தண்டனை ஆனாலும் ஜெயிச்சவர் பதவி போகாது, பதவி பறிபோற குற்றங்களோட பட்டியல்ல இது இல்ல. தேர்தலைச் செல்லாதுன்னு ஆக்கற "ஊழல் நடவடிக்கை"லயும் இது தனியா வராது. போஸ்டர்ல வேட்பாளரோட சொந்த ஒழுக்கத்தைப் பத்தி தெரிஞ்சே பொய் எழுதியிருந்து, அதை எதிர் வேட்பாளரோ அவர் ஏஜெண்டோ, இல்ல அவங்க சம்மதத்தோட வேற யாரோ போட்டதுன்னு நிரூபிக்க முடிஞ்சா அதே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்துல பிரிவு 123(4) இருக்கு, அதுக்கு ரிசல்ட் வந்து 45 நாளுக்குள்ள ஹைகோர்ட்ல தேர்தல் வழக்கு, அது வக்கீலை வெச்சுப் பாக்கற வேலை.

மொபைல்ல வர்ற போஸ்டருக்கு 127-ஏ சரியா பொருந்தாது, அங்க வேற வழி. டிவி, சோஷியல் மீடியால காசு குடுத்துப் போடற அரசியல் விளம்பரத்துக்கு முன்கூட்டியே ஊடகச் சான்றளிப்புக் குழுகிட்ட சான்று வாங்கியிருக்கணும், அந்தக் குழுவுக்கே புகார் அனுப்பலாம். ஃபேஸ்புக் விளம்பரம்னா யாரு காசு குடுத்ததுன்னு, விளம்பர விவரத்தை ஃபேஸ்புக்கே பொதுவுல வெச்சிருக்கற ஆட் லைப்ரரில தேடி ஸ்கிரீன்ஷாட் எடுத்து சேருங்க, லிங்க்கையும் எழுதுங்க. ஏஐ-ல செஞ்ச வீடியோ, ஆடியோன்னா அதுல அதைச் சொல்ற லேபிள் இருக்கணும்னு 2025-ல கமிஷன் கட்சிகளுக்குச் சொல்லியிருக்கு, லேபிள் இல்லைன்னா அதையே புகார்ல முதல் வரியா வைங்க.

உள்ளாட்சித் தேர்தல்னா இந்த மனுவை அப்படியே அனுப்பாதீங்க. பஞ்சாயத்து, நகராட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்குக் கீழ வருது, சட்டம் வேற, சி-விஜிலும் அங்க கிடையாது. போட்டோ எடுக்கற முறை, மனு எழுதற முறை எல்லாம் அதேதான், பிரிவு நம்பரை எடுத்துட்டு அந்தத் தேர்தலோட அலுவலருக்கு அனுப்புங்க.